காற்றில் ஒரு வரிசை: கோபிநத்தம் முதல் விமான நிலையக் கூடம் வரை



அடியேன் மைசூரில் புளி, சீயக்காய், பூந்திக்கொட்டை மண்டி வைத்து நாற்பது ஆண்டுகளாகப் பிழைப்பவன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். பள்ளி இறுதியோடு படிப்பு நின்றது. மண்டியில் ஆள் வராத மத்தியான வேளைகளில் பழைய புத்தகக் கடையிலிருந்து வாங்கி வந்தவற்றைப் புரட்டிப் புரட்டிக் கொஞ்சம் வரலாறு தெரிந்துகொண்டேன். அவ்வளவுதான். ஆகையால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மலர்க் குழுவினர் இந்த முறை, “ஐயா, கல்வெட்டு போதும். பிள்ளைகளும் படிக்கிற மாதிரி ஏதாவது எழுதுங்களேன்” என்று கேட்டுக்கொண்டார்கள். யோசித்துப் பார்த்தேன். நம் குடும்பங்களில் பாதிப் பேர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விமான நிலையத்தில் காத்திருப்பவர்கள். அங்கே கையில் போனை வைத்துக்கொண்டு, “என்னங்க, இந்த வைஃபை ஆமை மாதிரி ஊருது” என்று அலுத்துக்கொள்ளாதவர் யாரும் இருக்க முடியாது. அந்த ஆமை எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது, ஏன் ஊர்கிறது என்பதே இக்கட்டுரை. இதெல்லாம் வரலாறா என்று சிரிக்க வேண்டாம். எனக்கு அது ஒரு நல்ல மனிதரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் செய்த விஷயம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ராத்திரி

மூன்று ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பினேன். விமானம் நடு இரவில். விமான நிலையத்தின் பெயரோ கூடத்தின் பெயரோ இங்கே வேண்டாம், குறை சொல்வது என் நோக்கம் அல்ல. வங்கி அட்டையை இரண்டு ரூபாய்க்குத் தேய்த்தால் உள்ளே விடுகிற சொகுசுக் கூடம் ஒன்றில் போய் உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்தபின் உண்ணாத எனக்கு அங்கே பரப்பி வைத்திருந்த பலகாரத்தால் பயனில்லை. நல்ல நாற்காலி, இலவச வைஃபை, இவ்விரண்டுக்காகத்தான் போனேன். செல்போனில் அன்றைய டேட்டா முழுவதையும் பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசித் தீர்த்திருந்தேன்.

கூடத்தில் நூறு பேருக்குக் குறையாது. ஓ.டி.பி. வாங்கி உள்ளே நுழைந்ததும் வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. கோபிநத்தத்திலிருந்து என் நண்பரின் மகன் நாற்பது விநாடிக் குரல் செய்தி அனுப்பியிருந்தான். பாதுகாப்புச் சோதனையில் போன் தட்டில் கிடந்தபோது இரண்டு தடவை கூப்பிட்டும் இருக்கிறான். குரலைத் தொட்டேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. திரும்பக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அவன் ஊரில் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிப் பேசிவிட்டு இறங்கிவிடுவான் என்பது எனக்குத் தெரிந்ததுதான். புளி விலை கேட்டிருப்பான், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை சிங்கப்பூரில் இறங்கியதும் குரல் திறந்தது. “பெரியப்பா, அப்பாவுக்கு முடியல. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.” இதையே இரண்டு மூன்று முறை திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தான். அன்று மதியம் அவர் போய்விட்டார். அந்த ராத்திரியே காரைத் திருப்பியிருந்தால் விடிந்ததும் ஊர் சேர்ந்திருப்பேன். கண்ணைத் திறந்து ஒரு தடவை பார்த்திருப்பார்.

கோபிநத்தம் எங்கே இருக்கிறது?

இந்த ஊரின் பெயரைக் கேட்டதும் பலருக்கு ஒரே ஒரு ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார். 1952இல் வீரப்பன் பிறந்த ஊர் அது. ஒரே மனிதனின் பெயரால் ஓர் ஊர் முழுவதையும் எடைபோடுவது நியாயமில்லை என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

மாதேஸ்வரன் மலைக்குக் கிழக்கே, காடும் மலையும் சூழ்ந்து, காவிரிக்கு அருகில், ஒகேனக்கல்லுக்கு எதிர்ப்பக்கம்போல அமைந்த ஊர் இது. பேச்சு பெரும்பாலும் தமிழ். பிரிட்டிஷ் காலத்திலும் அதற்குப் பிறகும் கொள்ளேகால் தாலுகா சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது அது மைசூர் மாநிலத்தோடு சேர்க்கப்பட்டது. மைசூர் மாவட்டத்தில் இருந்த பகுதி 1997இல் புதிதாக அமைந்த சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போயிற்று. பழக்கத்தில் நாங்கள் இன்றும் ‘மைசூர்ப் பக்கம்’ என்றே சொல்கிறோம்.

அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் பிழைப்புக்காகப் பெட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டு வந்தவர்கள். கோபிநத்தத்துக்காரர்களோ வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே வெளிமாநிலத் தமிழர் ஆனவர்கள். ஒரு பெட்டியும் கட்டவில்லை, ஒரு ரயிலும் ஏறவில்லை. பிள்ளைகள் கன்னடப் பள்ளியில் படிக்கிறார்கள், வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். இந்தச் செய்தி கட்டுரையின் கடைசியில் மறுபடியும் வரும், மறந்துவிட வேண்டாம்.

1984 வாக்கில் சாமராஜநகர் அருகே மலையூர் கனககிரிச் சமணத் தலத்துக்குப் போனவன், அப்படியே கொள்ளேகால் வழியாகப் புளி பார்க்கக் கோபிநத்தம் வரை போனேன். அங்கே தரகராக அறிமுகமானவர்தான் என் நண்பர். மாசி, பங்குனியில் புளி. மற்ற மாதங்களில் சீயக்காய், பூந்திக்கொட்டை. காட்டுத் தேனும் வரும். ஆனால் தேனை நாங்கள் தொடுவதில்லை. “ஏனுங்க நயினாரே, இவ்வளவு நல்ல தேனை விட்டுட்டுப் புளிச்ச சரக்கையே வாங்கறீங்களே” என்று கேலி செய்வார்.

செய்தி கால்நடையாக வந்த காலம்

அந்த நாளில் கோபிநத்தத்திலிருந்து மைசூருக்குச் சேதி வருவது எப்படி? கடிதம் போட்டால் நாலைந்து நாள். அவசரம் என்றால் பேருந்து நடத்துனர் கையில் சீட்டு. கொள்ளேகாலில் வண்டி மாறி, இன்னொரு நடத்துனர் கைக்கு வந்து, மண்டிப் பையன் பேருந்து நிலையத்தில் போய் வாங்கி வருவான். ஒரு பகல் ஆகும். ஆனால் வந்துவிடும்.

அந்த வட்டாரத்தில் செய்தியின் விலை உயிராகவும் இருந்தது. வனத்துறை அதிகாரி பி. ஸ்ரீனிவாஸ் கோபிநத்தத்திலேயே தங்கி, மக்களோடு பழகி, மாரியம்மன் கோயில் எழுப்பி, வைத்திய வசதி செய்து கொடுத்தவர். வீரப்பன் சரணடைய இசைந்துவிட்டான் என்று வந்த சேதியை நம்பி ஆயுதம் இல்லாமல் காட்டுக்குள் போனவரை 1991 நவம்பர் 10ஆம் தேதி கொன்றுவிட்டார்கள். அரசு அவருக்குக் கீர்த்தி சக்கர விருது அளித்தது. ஊர்க்காரர்கள் இன்றும் அவர் பெயரை மரியாதையோடுதான் சொல்வார்கள்.

1993 ஏப்ரலில் பாலாற்றில் கண்ணிவெடி வெடித்தபின் காடு முழுவதும் காவல். வியாபாரம் நின்றது. நான் புளிக்காகக் கொடுத்திருந்த முன்பணம் போனதுதான் என்று கணக்கை மூடிவிட்டேன். சில மாதம் கழித்து நடத்துனர் ஒருவர் மண்டிக்கே வந்து துணி முடிச்சு ஒன்றைக் கொடுத்தார். உள்ளே முன்பணம் குறையாமல் இருந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: “சரக்கு எடுக்க முடியல. பணம் உங்களுது. ரோடு திறந்ததும் வாங்க.” அவர் கோயம்புத்தூர் ஜில்லாவாக இருந்த காலத்தில் பிறந்து, தமிழில் இரண்டு வகுப்பு படித்தவர். கோணல் எழுத்துத்தான், ஆனால் தெளிவாக இருந்தது.

2000 ஜூலை 30ஆம் தேதி நடிகர் ராஜ்குமார் காஜனூரிலிருந்து கடத்தப்பட்டபோது உலகமே கணினி யுகத்துக்குள் நுழைந்துவிட்டதாகப் பேச்சு. அந்த 108 நாளும் இரண்டு மாநில அரசுகள் எதை நம்பி இருந்தன? ஒலிநாடா கேசட்டை! கடத்தல்காரன் கொடுத்த கேசட்டை ராஜ்குமாரின் மனைவி பர்வதம்மாள் பெங்களூருக்கு எடுத்துப் போய் முதல்வரிடம் கொடுத்தார். பின்பு நக்கீரன் கோபால் காட்டுக்கு நடந்து போய்ச் சேதி கொண்டுவந்தார். காவல்துறையிடமும் வனத்துறையிடமும் வயர்லெஸ் கருவிகள் இருந்தும், சேதி காலால்தான் நடந்தது. மலை மறைத்தால் அந்த வகை அலை எட்டாது. ஆள் எட்டுவார்.

காற்று பொதுச்சொத்து ஆன கதை

இனி அலையின் கதைக்கு வருவோம். 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீஷ் சந்திர போஸ், கம்பி இல்லாமல் சுவரைத் துளைத்துச் சென்ற அலையைக் கொண்டு மணியை ஒலிக்கச் செய்தும், வெடிமருந்தைக் கொளுத்தியும் காட்டினார். அவர் கையாண்டது மிகச் சிற்றலை, மில்லிமீட்டர் கணக்கு. நூறாண்டு கழித்து வைஃபைக்காரர்கள் அந்த அலைவரிசைப் பக்கமே திரும்பிப் போனார்கள். 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடல் தாண்டிச் சேதி வாங்கியதாக அறிவித்தார்.

பத்தே ஆண்டில் ஒரு சிக்கல் எழுந்தது. காற்று எல்லோருக்கும் ஒன்றுதானே! இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் பேச்சும் கெடும். 1912 ஏப்ரல் 14 இரவில் டைட்டானிக் கப்பலின் வயர்லெஸ்காரர், பயணிகள் தங்கள் வீட்டுக்கும் நண்பர்களுக்கும் அனுப்பிய தனிச்செய்திகளைக் கரைக்கு ஓயாமல் அனுப்பிக்கொண்டிருந்தார். கருவி பழுதாகிச் சேதிகள் தேங்கிப்போயிருந்தன. அருகிலிருந்த கலிபோர்னியன் கப்பல், பனிப்பாறைகள் சூழ நிற்கிறோம் என்று குறுக்கிட்டுச் சொன்னபோது, வேலையைக் கெடுக்காதே என்கிற பாவனையில் அதட்டி நிறுத்திவிட்டார். கலிபோர்னியன்காரர் சிறிது நேரத்தில் கருவியை அணைத்துவிட்டுப் படுத்தார். சற்றைக்கெல்லாம் டைட்டானிக் மோதியது. அபயக் குரலை அருகிலிருந்த கப்பல் கேட்கவில்லை.

என் கூடத்தையும் அந்தக் கப்பலையும் ஒப்பிடுவது அதிகப்படி என்று தோன்றலாம். ஆனால் நோய் ஒன்றேதான். பொழுதுபோக்குச் சேதிகள் காற்றை அடைத்துக்கொண்டால் அவசரச் சேதி நிற்க இடம் இருக்காது. அந்த விபத்துக்குப் பிறகுதான் கப்பல்களில் இரவும் பகலும் வயர்லெஸ் கேட்க வேண்டும் என்றும், யாருக்கு எந்த அலைவரிசை என்றும் அரசுகள் சட்டம் செய்தன. இந்தியாவிலும் 1933இல் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வந்தது. கருவி வைத்திருக்கவே உரிமம் வேண்டியிருந்தது.

நம் மைசூருக்கும் இதில் பங்கு உண்டு. மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலஸ்வாமி 1935இல் தம் வீட்டிலேயே வானொலி நிலையம் தொடங்கினார். ‘ஆகாசவாணி’ என்ற பெயர் அங்கிருந்துதான் பின்னாளில் நாடு முழுவதும் பரவியது. ஒருவர் பேச ஊரெல்லாம் கேட்பது வானொலி. அதில் நெரிசல் இல்லை. எல்லோரும் பேச எல்லோரும் கேட்பதுதான் கஷ்டம். அதற்கு விடை கண்டது ஒரு தீவுக் கூட்டம்.

ஹவாய்த் தீவின் உபாயம்

1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் அலோஹாநெட் என்ற வலையை நடத்திக் காட்டினார்கள். பல தீவுகளில் இருப்பவர்கள் ஹொனலூலுவில் உள்ள ஒரே கணினியோடு, ஒரே அலைவரிசையில், கம்பியில்லாமல் பேச வேண்டும். அவர்கள் கண்ட உபாயம் எளிது. சேதி இருந்தால் அனுப்பு. இன்னொருவர் சேதியோடு மோதிக் கெட்டதா? ஏதோ ஒரு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பு. எவ்வளவு நேரம் என்பதை ஒவ்வொருவரும் குலுக்கிப் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் சேர்ந்தே மோதுவார்கள்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் 18 சதவீதத்துக்கு மேல் உருப்படியாகப் பயன்படாது. மிச்சம் மோதலிலும் சும்மா இருப்பதிலும் போய்விடும். ஆள் கூடக் கூட மோதல் கூடும், மோதல் கூடக் கூட மறுபடி அனுப்புவது கூடும், கடைசியில் யாருக்கும் எதுவும் போகாது. கல்யாணப் பந்தியில் இலைக்கு நாலு பேர் முண்டினால் யாரும் சாப்பிட முடியாது அல்லவா, அதுபோல. இன்றைய வைஃபை பேசும் முன் காது கொடுத்துக் கேட்கும், காற்று ஓய்ந்தபின் பேசும். பயன் பலமடங்கு கூடியது. ஆனாலும் அடிப்படை அதே ஹவாய்த் தீவுச் சூத்திரம்தான்.

1985இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. அதில் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்கிற இடம். யாரும் விரும்பாத புறம்போக்கு நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புறம்போக்கில்தான் வைஃபை குடிசை போட்டது. 1997இல் 802.11 என்ற தரநிலை வந்தபோது வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999இல் 11 மெகாபிட். சுவரில் பட்டு எதிரொலிக்கும் அலைகளைச் சீர்படுத்தும் வழியை ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் ஜான் ஓ’சல்லிவன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அவர் கருந்துளை வெடிப்பின் மெல்லிய அலையைத் தேடிக் கிடைக்காமல் போன வானியல் அறிஞர். தேடியது கிடைக்காவிட்டாலும் தேடிய கணக்கு உதவியது.

ஆப்பிள் நிறுவனம் 1999இல் மடிக்கணினியில் வைஃபையைச் சேர்த்தபோது அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘ஏர்போர்ட்’! விமான நிலையத்துக்கும் வைஃபைக்கும் பெயரிலேயே பொருத்தம் இருந்திருக்கிறது.

காத்திருப்புக் கூடத்தின் கதையும் பழையது. விமானப் பயணிகளுக்கென்று தனிச் சொகுசுக் கூடத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1939இல் நியூயார்க் லாகார்டியா நிலையத்தில் திறந்தது. நம் சத்திரங்கள் அதற்கும் முந்தியவை. மதுரையில் மங்கம்மாள் சத்திரம், மைசூரில் நஞ்சராஜ பகதூர் சத்திரம் என்று ஊருக்கு ஊர் உண்டு. சத்திரத்தில் ஒரு கிணறு, ஒரு கயிறு, ஒரு வாளி. வந்தவர் எல்லாரும் முறைவைத்து இறைப்பார்கள். இன்றைய கூடத்தின் வைஃபையும் அதே கிணறுதான்.

ஆமை ஊர்வது ஏன்?

படித்தும் தெரிந்தவர்களைக் கேட்டும் நான் புரிந்துகொண்ட காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு பெட்டியின் ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத பாதைகள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. கடைகள், விமான நிறுவனங்கள், பயணிகளின் ஹாட்ஸ்பாட்டுகள் எல்லாம் இந்த மூன்றையே பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பழைய கருவியும் தூரத்தில் இருக்கிற கருவியும் மெதுவாகப் பேசும். மெதுவாகப் பேசுபவர் அதே சேதிக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்வார். ஒருவர் இழுத்து இழுத்துப் பேசினால் வேகமாகப் பேசுகிறவருக்கும் முறை தாமதமாகத்தான் வரும். 2003இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். சோதனைச் சாவடியில் முன்னால் நிற்கிற லாரிதான் பின்னால் வருகிற காரின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அதே கணக்கு.

மூன்றாவது, மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். இந்த அலையைத் தண்ணீர் விழுங்கும். காலியான கூடத்தில் சோதித்துப் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாலும், கூடம் நிரம்பியதும் நிலைமை வேறு.

நான்காவதுதான் பலருக்கும் புரியாதது. போனில் நாலு கோடும் நிறைந்திருக்கும், ஒன்றும் வராது. அந்தக் கோடுகள் உங்களுக்கும் கூரையிலுள்ள பெட்டிக்கும் இடையே உள்ள உறவை மட்டும் சொல்கின்றன. பெட்டிக்குப் பின்னால் வெளியுலகுக்குப் போகிற குழாய் எவ்வளவு பருமன், அதை எத்தனை பேர் உறிஞ்சுகிறார்கள், ஆளுக்கு இவ்வளவுதான் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் கோட்டில் தெரியாது. வாளி பளபளக்கிறது, கிணற்றில் தண்ணீர் இல்லை.

தீர்வுகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இந்தியாவில் 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு உரிமம் தேவையில்லை என்று விதி வந்தது. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸில் அகலமான இடம் திறந்துவிடப்பட்டது. 2019 முதல் பரவிய வைஃபை 6 என்ற முறையில் ஒரே முறையைப் பல பேருக்குச் சிறு சிறு கூறாகப் பிரித்துக் கொடுக்கலாம். பெட்டியை மாற்றுவதோடு பின்னால் உள்ள குழாயையும் பெரிதாக்கிய இடங்களில் ஆமை முயலாகிவிடுகிறது. பெட்டியை மட்டும் மாற்றிய இடங்களில் பழைய கதைதான்.

ஓ.டி.பி. எங்கிருந்து வந்தது?

வெளிநாட்டிலிருந்து வரும் நம் உறவினர்கள் அலுத்துக்கொள்வது இன்னொன்று. இந்திய எண் இல்லாமல் விமான நிலைய வைஃபைக்குள் நுழைவது பாடாக இருக்கிறதே என்பார்கள். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2008 ஜூலை 26ஆம் தேதி அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று வந்தது. அது நவி மும்பையில் குடியிருந்த ஒரு வெளிநாட்டவரின் பூட்டப்படாத வைஃபை வழியாக அனுப்பப்பட்டது என்று தெரியவந்தது. அவருக்கே தெரியாமல் யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள். பின்பு 2009 பிப்ரவரியில், பொது வைஃபை தருகிறவர்கள் பயன்படுத்துபவர் யார் என்று அடையாளம் பதிந்துகொள்ள வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை அறிவுறுத்தியது. செல்போன் எண்ணுக்குக் கடவெண் அனுப்புவது அதற்கு எளிய வழியாயிற்று. கதவைத் திறந்து போட்ட ஒரு வீட்டால் எல்லா வீட்டுக்கும் பூட்டு வந்தது. சில விமான நிலையங்களில் கடவுச்சீட்டைக் காட்டிக் கடவெண் பெறும் வசதி உண்டு. தகவல் மேசையில் கேட்டுப் பார்க்கலாம்.

நம்மால் ஆவது

பயணச்சீட்டு, விடுதி விவரம், விசாத் தாள் ஆகியவற்றை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் பெட்டி கண்ணில் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் என்று தனியாகப் பெயர் காட்டினால் அதைத் தேர்ந்தெடுங்கள். அவசரமில்லாத வீடியோவைச் சற்று ஒத்திப்போடுங்கள். அன்று அந்தக் கூடத்தில் பாதிப் பேர் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் டேட்டாவை நானே வீடியோவில்தானே தீர்த்தேன்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, அவசரச் சேதியை எழுத்தில் அனுப்புங்கள். இதற்கு வியாபாரிக் கணக்கு ஒன்று சொல்கிறேன். கணினியில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். என் நண்பரின் மகன் சொன்ன மூன்று வாக்கியங்களை எழுத்தில் அடித்திருந்தால் முந்நூறு பைட்டுக்கும் குறைவு. அவன் அனுப்பிய நாற்பது விநாடிக் குரலோ எண்பது, நூறு கிலோபைட் அளவில் இருக்கும். அதாவது எழுத்தின் சுமை குரலின் சுமையில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. ‘குரல் வந்திருக்கிறது’ என்ற அறிவிப்பு அந்த நெரிசலிலும் என்னை வந்து சேர்ந்துவிட்டதே! அதே அளவுள்ள எழுத்தும் வந்து சேர்ந்திருக்கும்.

பழைய தந்தியின் சூட்சுமமும் இதுதான். சொல்லுக்குக் காசு என்பதால் வேண்டிய சொல் மட்டும் போகும். 2013 ஜூலையில் அந்தச் சேவை நின்றபோது பத்திரிகைகளில் படித்துப் பெருமூச்சு விட்டோம். தந்தி போயிற்று, தந்தியின் சிக்கனமும் கூடவே போய்விட்டது.

காரியம் முடிந்து மாதம் ஒன்றான பிறகு கோபிநத்தம் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது மெல்லக் கேட்டேன். “ஏம்ப்பா, ரெண்டு வரி அடிச்சு அனுப்பியிருக்கக் கூடாதா?” தலையைக் குனிந்துகொண்டான். “எனக்குத் தமிழ் எழுத வராதே பெரியப்பா. கன்னடத்துலதான் படிச்சேன்.” கன்னடத்தில் எழுதியிருந்தாலும் நான் படித்திருப்பேன். நாற்பது ஆண்டு இந்த மண்ணின் உப்பைத் தின்றவன். ஆனால் அப்பா சாகக் கிடக்கிறார் என்பதை வீட்டு மொழியில் சொல்லத்தான் எந்தப் பிள்ளைக்கும் வாய் வரும். வாய்க்கு வந்த மொழி கைக்கு வரவில்லை. அதனால் குரலாக அனுப்பினான். குரல் கனத்தது, வழியில் நின்றுவிட்டது.

கன்னடம் படித்தது அவன் குற்றம் இல்லை. வாழ்கிற மண்ணின் மொழியைப் படிக்கத்தான் வேண்டும். கூடவே வீட்டில் நாளுக்குப் பத்து நிமிஷம் அ, ஆ சொல்லிக் கொடுக்க எவ்வளவு செலவாகும்? அவன் அப்பா இரண்டு வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு எழுதிய சீட்டு, சாலையெல்லாம் அடைபட்டுக் கிடந்த 1993இல் மாதக் கணக்கில் தாமதித்தாலும் என் மண்டிக்கு வந்து சேர்ந்தது. அந்தச் சீட்டு இன்னும் என் கணக்குப் பெட்டியில் இருக்கிறது.

அதை நகல் எடுத்து அவன் கையில் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்க முயன்றான். முதல் சொல்லிலேயே நின்றான். பக்கத்தில் உட்கார்ந்து, “ச… ர… க்… கு…” என்று சொல்லிக் கொடுத்தேன். இப்போது வாரம் ஒரு முறை எனக்குத் தமிழில் ஒரு வரி அனுப்புகிறான். பிழை நிறைய இருக்கிறது. ஆனால் நான் எந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும் உடனே வந்து சேர்ந்துவிடுகிறது.